புயமும் இருதயமும்

(எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் வாலிபர் பேசுவதென்றால் சமயத்தைப் பற்றியோ தமிழைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்டது சிலருக்கு இம்மேடைக்கு ஒவ்வாத பொருளாகத் தோன்றலாம். உடம்பை முறுக்கேற்றுவதற்காக வாலிபர் சிலர் போட்டுக்கொள்ளும் ஸ்டீரோயிட் ஊசிகளையும் விழுங்கும் குளிசைகளையும் பற்றியும், இருபது ஆண்டுகளில் அவை இருதயத்தை என்ன செய்கின்றன என்பது பற்றியுமே பேசப்போகின்றோம். உடம்பைப் பேணுவதன் அவசியத்தைத் திருமூலரே பாடிவைத்த சமயம் நம்முடையது. ஆதலால் இதற்கு இங்கே இடமில்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள் என்ற துணிவு எமக்கு உண்டு.

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல் தாண்டிக் கற்பிட்டி முனை வரைக்கும் போகும் இந்தக் கரையிலே உடற்பலம் நேற்று வந்த மோகம் அன்று. கரைவலை இழுத்த தலைமுறையின் புயங்களை நாம் கண்ணாரக் கண்டிருக்கின்றோம். அம்பாப் பாட்டுக்கு அடியெடுத்து, மணலிலே குதிகாலை ஊன்றி, மடி கரையேறும் வரைக்கும் கயிற்றை இழுத்தவர்களுக்கு ஆணழகன் பட்டம் எவரும் சூட்டவில்லை. ஆயினும் அவர்களுடைய முதுகு சிற்பி செதுக்கி வைத்தது போலிருக்கும். இப்பொழுது பல இடங்களிலே உழவு இயந்திரம் கயிற்றை இழுக்கின்றது. தகப்பன் இழுத்த கயிற்றை மகன் இழுப்பதில்லை. அவன் பட்டினத்துக்குப் போய், மாதச் சந்தா கட்டி, கண்ணாடிக்கு முன்னால் நின்று இரும்பை இழுக்கின்றான். இதைப் பார்த்துச் சிரிக்கின்ற பெரியவர்கள் உண்டு. நாம் சிரிக்கமாட்டோம். மாலை வேளையில் சாராயத் தவறணைக்குப் போகாமல் இரும்பிடம் போகின்ற பிள்ளையைப் பெற்ற தாய் பாக்கியசாலி என்பதே எமது கருத்து.

தேகாப்பியாசம் நமக்கு அந்நியமும் அன்று. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் சிலம்பமும் நம்முடைய பழைய சொத்து. அதன் பின் யூஜின் சாண்டோ என்னும் பலசாலி 1904, 1905 ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலே சுற்றிப் பயணஞ் செய்து தம் தேகத்தைக் காட்டினார். அவர் பெயர் தமிழிலே அப்படியே ஒட்டிக்கொண்டது. பலசாலிகள் தங்கள் பெயருக்கு முன்னே 'சாண்டோ' என்று போட்டுக்கொண்டனர். கையில்லாத பனியனுக்குங்கூட அந்தப் பெயரே வந்துவிட்டது. 1920 இல் ஹரி குரோ பக் என்பவர் சென்னையிலே வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். மிஷன் பாடசாலை மைதானங்களில் விசிலுக்கு அடியெடுத்து வைத்துப் பழகிய எம்போன்றவர்களும் தூரத்து உறவு முறையில் அவருடைய மாணாக்கர்களே எனலாம்.

இங்கே ஒரு விஷயத்தை ஊன்றிக் கவனியுங்கள். சாண்டோ 1925 இல் காலமானார். ஆண்மை ஓமோனாகிய டெஸ்டொஸ்டெரோனை ஆய்வுகூடத்திலே ஆக்கும் வழி 1935 இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கண்டறிந்த பூட்டனான்ட், ருசிக்கா என்னும் இருவரும் 1939 ஆம் ஆண்டின் இரசாயனத்துக்குரிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆகவே சாண்டோவின் தேகம் இரும்பாலும் உணவாலும் உறக்கத்தாலும் ஆனது. "ஊசியில்லாமல் உடம்பு வராது" என்று இன்று எமது நண்பர்களுக்குச் சொல்லப்படுகின்றதே, அதற்கு மறுப்பு அந்த மனிதருடைய பழைய புகைப்படங்களிலேயே இருக்கின்றது.

அந்தக் கண்டுபிடிப்பு நோயாளிகளுக்கு உதவியது உண்மை. ஆனால் அது விளையாட்டு வீரர் கைக்குப் போக அதிக காலம் செல்லவில்லை. அமெரிக்கப் பளுதூக்கும் குழுவின் வைத்தியராக இருந்த ஜோன் சீக்ளர் என்பவர் 1954 இல் வியன்னா நகரத்துப் போட்டிக்குப் போயிருந்தபோது, சோவியத் வீரர்கள் டெஸ்டொஸ்டெரோன் எடுப்பதாக அறிந்து வந்தார். 1958 இல் சீபா என்னும் மருந்துக் கம்பனி டயனபோல் என்ற குளிசையை அங்கே விற்பனைக்கு விட்டது. சீக்ளர் அதைத் தம் வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர் சொன்ன அளவோடு அவர்கள் நிற்கவில்லை. ஒன்று சொன்னால் பத்து விழுங்கினார்கள். அவர் வெறுப்புற்று அதை விட்டுவிட்டார். பிற்காலத்தில் அந்தக் காரியத்துக்காக வருந்தினார். 1983 இல் இருதய நோயால் மாண்டார். மருந்தைக் கொண்டுவந்தவர் கைவிட்ட பின்னும் மருந்து ஓயவில்லை. அட்லாண்டிக் கரையிலிருந்து கிளம்பி இன்று நம் கரைக்கும் வந்திருக்கின்றது.

இவ்விடத்தில் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போகக்கூடாது. ஸ்டீரோயிட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. முட்டு வருத்தத்துக்கு உறிஞ்சக் கொடுக்கும் மருந்தும், தோல் வருத்தத்துக்குப் பூசும் சிலவகைக் களிம்பும், பிரெட்னிசொலோன் என்னும் குளிசையும் ஒரு வகை. அவை தசையை வளர்ப்பன அல்ல. நோயை அடக்குவதற்கு வைத்தியர் கொடுப்பன. நாம் இன்று பேசுவது மற்றைய வகை: ஆண்மை ஓமோனும் அதைப் போல ஆக்கப்பட்டவையும். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், பிள்ளையின் முட்டு மருந்தை எவரேனும் குப்பையில் எறிந்தால், நாம் பேசாமல் இருந்ததே நன்றாயிருக்கும். அம்மருந்தை வைத்தியர் சொன்னபடியே கொடுத்து வாருங்கள்.

சரி, ஆண்மை ஓமோன் எல்லா ஆண்களின் தேகத்திலும் ஊறுவதுதானே, அதிலே என்ன கேடு என்று கேட்கலாம். அளவிலேதான் கேடு. சுகதேகியான ஓர் ஆண்மகனின் உடல் ஒரு நாளைக்குச் சில மில்லிகிராம் மாத்திரமே உண்டாக்கும். ஒரு வாரத்துக்குக் கூட்டினால் ஐம்பது மில்லிகிராமுக்கு அண்மையில் வரும். ஜிம்மிலே காதோடு காதாகச் சொல்லப்படும் கணக்கோ வாரத்துக்கு 500, 1000 என்று போகின்றது. அதுவும் ஒரே மருந்தன்று, இரண்டு மூன்றைக் கலந்து போடுவது. பாரதத்திலே, சிறு வயதுப் பீமனுக்குத் துரியோதனன் நஞ்சூட்டி ஆற்றிலே தள்ள, அவன் நாகலோகம் போய்ச் சேர்ந்து, அங்கே குடங்குடமாக ரசம் குடித்து ஆயிரமாயிரம் யானைப் பலம் பெற்று மீண்ட கதையைத் திரௌபதை அம்மன் உற்சவக் காலத்தில் நாமெல்லோரும் கேட்டிருக்கின்றோம். எமது நண்பர் ஒருவர் இந்தக் கதையையே தமக்குச் சாட்சியாகச் சொன்னார். பீமனுக்கு ரசம் கொடுத்தது வாசுகியின் உலகம். நண்பருக்குக் கொடுப்பது இன்னதென்று பெயர் தெரியாத ஒருவரின் தோற்பை. இவ்வளவுதான் வித்தியாசம்!

இனி இருதயத்துக்கு வருவோம். இருதயமும் ஒரு தசையே. புயத்திலுள்ள தசைக்குச் செல்லும் ஓமோன் இருதயத்தை மாத்திரம் விலக்கிவிட்டுச் செல்வதில்லை. அந்தத் தசையிலும் ஆண்மை ஓமோனை ஏற்கும் இடங்கள் உண்டு. புயம் பருத்தால் கண்ணாடியில் தெரியும். இருதயம் தடிப்பது எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. ஓட்டப் பந்தய வீரனின் இருதயமுந்தானே பெருக்கின்றது என்பார்கள். அது பெருக்கும்போது அறையும் விரிந்து, நன்றாக நிரம்பி, நன்றாக இறைக்கும். மருந்தினால் தடிக்கும் இருதயமோ சுவர் தடித்து விறைத்துப் போகின்றது. தசையினிடையே தழும்பு போன்ற நார் படிகின்றது. இரப்பர்ப் பந்து தோற்பந்தாக மாறியது போலாகி, சுருங்கவும் தயங்கும், விரியவும் தயங்கும். அந்தத் தழும்புகளின் வழியே மின்துடிப்பு ஒழுங்காகப் போகமாட்டாது. தடுமாறிய துடிப்பு சில வேளைகளில் ஒரே நிமிடத்தில் ஆளை வீழ்த்திவிடும்.

கற்பிட்டித் தோட்டங்களிலே மணற்கிணற்றிலிருந்து நீரிறைக்கும் பம்பைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பம்பைக் கெடுக்க எத்தனை வழியுண்டோ அத்தனையையும் இம்மருந்து ஒருங்கே செய்கின்றது. உடலில் உப்பும் நீரும் தங்குவதால் அழுத்தம் ஏறுகின்றது. அடைத்த குழாய்க்கு எதிராகப் பம்பு உழைப்பது போல இருதயம் உழைக்கின்றது. செங்குழியங்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகுவதால் இரத்தம் கூழ்போலத் தடித்துக் கட்டிபடத் தயாராகின்றது. இவற்றோடு கொழுப்பின் கணக்கும் தலைகீழாகின்றது. நாடிச் சுவரில் படியும் கொழுப்பை வாரிக்கொண்டு போகும் நல்ல கொலஸ்ட்ரோல் குறைகின்றது. படியவைக்கும் கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறுகின்றது. 1989 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்விலே, ஸ்டனோசொலோல் என்னும் குளிசையை ஆறு வாரம் மாத்திரம் எடுத்த பளுதூக்குவோருக்கு நல்ல கொலஸ்ட்ரோல் 33 வீதம் வீழ்ந்துவிட்டது. ஆறு வாரத்திலே மூன்றில் ஒரு பங்கு! ஆறு வருடம் எடுப்பவனின் முடியுருநாடிகளில், உப்பளத்து வாய்க்காலில் உப்புப் பூப்பது போல, நாளுக்கு நாள் படிந்துகொண்டிருக்கும்.

இது வெறும் ஊகமோ என்று சந்தேகிப்பவருக்காகச் சில ஆய்வுகளைச் சொல்லுகின்றோம். பொஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 34 வயதுக்கும் 54 வயதுக்கும் இடைப்பட்ட 140 பாரந்தூக்கும் ஆடவரைப் பரிசோதித்து 2017 இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் இரும்பு தூக்குபவர்களே. 86 பேர் நீண்டகாலம் மருந்து எடுத்தவர்கள், 54 பேர் எடுக்காதவர்கள். இடது இதயவறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகின்றது என்பதே பம்பின் வலுவைக் காட்டும் அளவு. மருந்து எடுக்காதவருக்கு அது சராசரி 63 ஆக இருந்தது, எடுத்தவருக்கு 52. அப்பொழுதும் எடுத்துக்கொண்டிருந்தவரை மாத்திரம் தனியே பார்த்தால் 49. எடுத்தவருள் மூவருக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்திருந்தது. எடுக்காதவருள் ஒருவருக்கும் இல்லை. இந்த ஆய்வை நாம் விசேடமாகக் குறிப்பிடுவது ஏனென்றால், இரும்பு குற்றவாளி அன்று என்பதையும் அது கூடவே காட்டிவிடுகின்றது. இரு பகுதியாரும் இரும்பு தூக்கினார்கள். ஒரு பகுதியாரின் இருதயமே கெட்டது.

டென்மார்க்கிலே உடற்பயிற்சி நிலையங்களுக்கே போய் ஊக்கமருந்துப் பரிசோதனை செய்யும் வழக்கம் உண்டு. 2006 முதல் 2018 வரை அவ்வாறு அகப்பட்ட 1,189 ஆடவரை, அதே வயதுள்ள பொது ஆடவரோடு ஒப்பிட்டு ஏறக்குறைய பதினொரு வருடம் பின்தொடர்ந்தார்கள். அகப்பட்டவரின் சராசரி வயது 27; இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருப்பவர்களின் வயது என்று சொல்லலாம். அவர்களிடையே மரணம் மற்றவரினும் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2024 இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டில் இருதயத்தை மாத்திரம் எடுத்து ஆராய்ந்தபோது, மாரடைப்பு மூன்று மடங்கு, இருதயத் தசை நோய் ஒன்பது மடங்கு என்று கண்டார்கள். மருந்து எடுப்பவர் வேறு ஆபத்துகளுக்கும் துணிந்தவராக இருக்கலாம் அல்லவா என்று வாதஞ் செய்வோர் உண்டு, நியாயமான வாதந்தான். ஆனாலும் அந்த வாதத்தால் ஒன்பது ஒன்றாகிவிடாது.

2005 க்கும் 2020 க்கும் இடையில் சர்வதேச ஆணழகன் போட்டிகளில் ஏறிய 20,286 ஆடவரைப் பற்றிய மற்றோர் ஆய்வு 2025 இல் ஐரோப்பிய இருதய வைத்தியச் சஞ்சிகையில் வெளியாகியது. அவர்களில் 121 பேர் இறந்திருந்தார்கள். இறந்தவரின் சராசரி வயது 45. பத்தில் ஏறக்குறைய நான்கு மரணங்கள் திடீர் இருதய மரணங்கள். தொழில்முறைப் போட்டியாளருக்கு இந்த ஆபத்து மற்றவர்களிலும் ஐந்து மடங்கு. மேடையில் தோலொட்டித் தெரிய வேண்டுமென்று கடைசி நாட்களில் நீரை வற்றச் செய்யும் குளிசை எடுப்பதும் இந்தத் துறையில் நடக்கின்றது. அதனால் இரத்தத்தின் பொட்டாசியம் குழம்பி, ஏற்கெனவே தழும்பேறிய இருதயம் தாளம் தப்பிவிடும்.

இளைஞர்களே, கைபேசியில் நீங்கள் பார்த்துப் பார்த்து மயங்கிய ரிச் பியானா என்னும் அமெரிக்கர், பதினெட்டு வயதிலிருந்தே ஸ்டீரோயிட் எடுத்ததை ஒளிக்காமல் சொன்னவர். 2017 இல் 46 வயதில் இறந்தார். பிரேத பரிசோதனையில் பாரதூரமான இருதய நோய் காணப்பட்டது. இருதயம் மிகவும் பெருத்திருந்தது. அவருடைய கைகளைப் பற்றிய படங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நமக்கோ இன்னுமொரு பிரத்தியேக ஆபத்து உண்டு. இந்தியா, இலங்கை முதலிய தென்னாசிய நாட்டவருக்கு மாரடைப்பு மற்ற நாட்டவரிலும் முந்தியே வருகின்றது. ஐம்பத்திரண்டு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றில், முதலாவது மாரடைப்பு வரும் வயது பிற நாடுகளில் 59 அளவில் இருக்க, தென்னாசியருக்கு 53 ஆக இருந்தது. ஊசி எதுவும் அறியாத மனிதருக்கே இந்தக் கதி! நம் நாட்டு ஆஸ்பத்திரி மரணங்களிலும் முன்னிற்பது இருதய நோயே. ஏற்கெனவே சாய்ந்து நிற்கும் தென்னையில் கயிறு கட்டி இழுப்பவரை என்னவென்று சொல்வது?

"இன்னார் ஐந்து வருடமாகப் போடுகிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பது நாம் அடிக்கடி கேட்கும் மறுமொழி. ஐந்து வருடம் ஒன்றும் ஆகாது. அதுதான் இதிலுள்ள சூழ்ச்சி. நஞ்சு குடித்தவன் அன்றே விழுவான், ஊர் அறியும். இருபத்திரண்டு வயதில் தொடங்கியவன் நாற்பத்தைந்தில் விழும்போது, அவன் ஒரு தகப்பன். படகுக் கடனும் பெண்பிள்ளையின் படிப்பும் அவன் தலையில் இருக்கும். ஊர் "அட்டாக்" என்று ஒரு சொல்லிலே முடித்துவிடும். இருபது வருடத்துக்கு முந்திய ஊசியை அந்தச் செத்த வீட்டிலே எவர் நினைப்பார்?

போட்டிக்குப் போகிறவருக்கு வேறொரு நட்டமும் உண்டு. 2010 இல் டில்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் மஞ்சு வன்னியாராச்சி குத்துச்சண்டையில் தங்கம் வென்றபோது இலங்கை முழுவதும் ஆர்ப்பரித்தது. 1938 இல் சிட்னியில் பார்னி ஹென்ரிக்கஸ் வென்ற பின் எழுபத்திரண்டு ஆண்டுகளாக நாம் காணாத வெற்றி அது. அவருடைய சிறுநீரில் நன்ட்ரலோன் என்னும் ஸ்டீரோயிட் காணப்பட்டதால் பதக்கம் பறிபோய் வேல்ஸ் நாட்டு வீரருக்குச் சென்றது. 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இந்நாட்டிலே விளையாட்டில் ஊக்கமருந்தைத் தடுப்பதற்கென்றே ஒரு முகவரகம் இருக்கின்றது. இந்தியாவிலே தண்டிக்கப்பட்டோர் பட்டியல்களில் ஆணழகன் போட்டியாளரின் பெயர்கள் ஏராளம். ஆனால் சட்டம் பிடிப்பது போட்டிக்காரரைத்தான். கடற்கரையில் சட்டையைக் கழற்றி நிற்பதற்காக மாத்திரம் போடுகிறவனை எந்தப் பரிசோதகரும் தேடி வரமாட்டார்; அவனைத் தேடி வருவது நோய்தான்.

மருந்தின் உண்மையும் உறுதியில்லை. கள்ளத்தனமாக விற்கப்படும் ஸ்டீரோயிட்டிலே சீட்டில் எழுதியது ஒன்றும் போத்தலுக்குள் இருப்பது வேறொன்றுமாக இருப்பது உலகெங்கும் கண்ட உண்மை. மத்திய கிழக்கிலிருந்து வந்த பொதி என்றால் நல்ல சாமான் என்று நம்புகிற வழக்கம் நம்மிடம் உண்டு. வாசனைச் சோப்புக்கு அது பொருந்தலாம்.

இப்பொழுது பெரியோர்களிடம் மனந்திறந்து ஒன்று பேசவேண்டியிருக்கின்றது. சங்கக் கட்டடத்தின் பின்னறையில் தேகாப்பியாச சாலை ஒன்று ஆக்கவேண்டும் என்ற பிரேரணை பொதுக்கூட்டத்துக்கு வந்தபோது, "ஊசி போடுகிற இடத்துக்குச் சங்கத்தின் காசா?" என்று ஓர் ஐயா கேட்டார். சபை சிரித்தது, பிரேரணை ஒத்திவைக்கப்பட்டது. ஐயா கேட்டதில் அன்பும் அச்சமும் இருந்தன என்பதை நாம் அறிவோம். எனினும் அந்தச் சிரிப்புக்குப் பிறகு, ஊசி போடுகிற எந்தப் பிள்ளையாவது வாயைத் திறப்பானா? இரும்பு இங்கே இல்லாவிட்டால் அவன் தூக்காமல் இருக்கப்போவதில்லை. நம் கண்ணுக்கெட்டாத இடத்தில் தூக்குவான். அங்கே அவனுக்குப் போதிப்பவர் மருந்தும் விற்பவராக இருந்தால், நாமே அவனை அனுப்பி வைத்தவர்கள் ஆவோம்.

ஆதலால் அந்த அறையைத் திறக்க வேண்டும் என்றே நாம் கேட்கின்றோம். இரும்போடு ஒரு இரத்த அழுத்தக் கருவியும் அங்கே இருக்கட்டும். ஓர் உழவு இயந்திரச் சக்கரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய காசல்ல. மாதம் ஒரு முறை ஒவ்வொருவரும் கையை நீட்டி அளவை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். மாவும் குளிசையும் அந்த அறைக்குள் விற்பனையாகக் கூடாது. புரதத்துக்கு வேண்டியது கடலில் இருக்கின்றது. சூடையும் சாளையும் பயறும் முட்டையும் தின்றவன் மெலிந்து போனதாக நாம் கேள்விப்படவில்லை. ஒரு வருடத்தில் வரவேண்டிய தசையை மூன்று மாதத்தில் காட்டுகிறவனைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் ஏங்காதிருப்பதற்கு, பழகிய மூத்த ஒருவர் அங்கே நின்று, எந்த வேகம் இயற்கை, எது இயற்கையன்று என்று சொல்லிக் கொடுக்கவேண்டும். சபையில் இதைவிட நல்ல யோசனை எவரிடமும் இருந்தால் நாம் முதலில் கைதட்டுவோம்.

இறுதியாக, இங்கே இருப்பவருள் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் சகோதரர் எவரேனும் இருந்தால் அவருக்கு. உங்கள் பெயர் எமக்கு வேண்டாம். நிறுத்த முயன்று முடியாமற் போயிருந்தால் அதிசயமில்லை. வெளியிலிருந்து ஓமோன் வரும்போது உடல் தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடுகின்றது; விதைகள் சுருங்கும், விந்து குறையும், பிள்ளைப்பேறு தடைப்படலாம். ஊசியை நிறுத்தியவுடன் பல வாரங்களுக்கு, சிலருக்குப் பல மாதங்களுக்கு, உடல் தளர்ந்து, மனம் இருண்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கும். அந்த இருளைத் தாங்கமாட்டாமல் மறுபடியும் ஊசியிடம் போவோர் பலர். எடுப்பவருள் ஏறக்குறைய மூவரில் ஒருவர் இப்படி அதற்கு அடிமைப்படுகின்றனர் என்று ஆராய்ந்தோர் கணித்துள்ளனர். மனம் மிக இருண்டால் தனியே இருக்க வேண்டாம். நம்பிய ஒருவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஆகவே தனியாக நிறுத்திப் பார்த்துத் தோற்பதிலும், ஒரு வைத்தியரிடம் போய், எதை, எவ்வளவு, எத்தனை மாதம் எடுத்தீர்கள் என்று உள்ளபடி சொல்லி நிறுத்துவது நல்லது. சிலாபத்திலும் புத்தளத்திலும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அங்கே காசு கேட்கமாட்டார்கள். இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல், இரத்தத்தின் தடிப்பு, ஈ.ஸி.ஜி. ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டுமானால் எக்கோ என்னும் ஒலியலைப் படத்துக்கு அவர்களே அனுப்புவார்கள். ஏறும்போது மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தாலோ, நெஞ்சில் நோவு கண்டாலோ அடுத்த நாள் வரைக்கும் பார்த்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

போய் ஆவதென்ன என்று கேட்பீர்கள். நெதர்லாந்திலே ஹார்லெம் என்னும் பெயரால் நடந்த ஆய்வில், மருந்து எடுத்த காலத்தில் தடித்து வலுக்குன்றிய இருதயம், நிறுத்திச் சில மாதங்கள் சென்றபின் பழைய நிலையை நோக்கித் திரும்பியதைக் கண்டார்கள். நாம் முன்னே சொன்ன பொஸ்டன் ஆய்விலும், முன்பு எடுத்து நிறுத்தியிருந்தவரின் பம்பின் வலு 58 ஆக இருந்தது. எடுத்துக்கொண்டிருந்தவரின் 49 உடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அவர்களின் இருதயம் விரிந்து தளரும் இயல்பு முழுதும் திரும்பவில்லை. முடியுருநாடிகளில் படிந்ததோ, வாழ்நாளில் எத்தனை காலம் எடுத்தார்கள் என்ற கணக்குப்படி கூடியிருந்தது. இந்த மாதம் நிறுத்துகிறவருக்கும் ஐந்து வருடம் கழித்து நிறுத்துகிறவருக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றது.